கூரை ஒழுகவில்லை, நெல் எப்படி நனைந்தது?

வணக்கம். திரையில் தெரியும் இந்த நெல்குவியலைப் பாருங்கள். கிடங்கின் கூரை ஒழுகவில்லை, தரையில் ஈரம் ஊறவில்லை, மூடிய கதவைச் சில மாதங்களாக யாரும் திறக்கவும் இல்லை. ஆனாலும் மேற்பரப்பு நெல் ஈரம் கோத்துக் கட்டி தட்டியிருக்கிறது; கிளறினால் மக்கிய வாடை வீசுகிறது. இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

நெல்லுக்குள்ளிருந்தே வந்தது.

பின்னணியை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். அறுவடையின்போது நெல்லில் பெரும்பாலும் 20 முதல் 25 விழுக்காடு ஈரம் இருக்கும். 24 மணி நேரத்துக்குள் காயவைக்கத் தொடங்கி, சில மாதச் சேமிப்புக்கு 14 விழுக்காட்டுக்கும், ஓராண்டு வரை வைப்பதற்கு 13 விழுக்காட்டுக்கும் மிகாமல் அதைக் குறைக்க வேண்டும்.

இனி, என்னை வியக்கவைத்த பகுதிக்கு வருவோம். நெல் உயிருள்ள விதை என்பதால் மூட்டைக்குள்ளும் அது மூச்சு விடுகிறது; மூச்சு விடும்போது வெப்பமும் நீராவியும் வெளிவருகின்றன, ஈரம் மிகுந்த நெல்லில் இவை பன்மடங்காகின்றன. வெளியே குளிரும்போது சுவரோரத்திலும் மேற்பரப்பிலும் உள்ள நெல் குளிர்ந்துவிட, குவியலின் நடுப்பகுதி மட்டும் சூட்டைத் தக்கவைத்துக்கொள்கிறது. அங்குள்ள வெதுவெதுப்பான காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு மேலேறி, குளிர்ந்த நெல்லைத் தொட்டவுடன் அந்த ஈரத்தை அங்கேயே இறக்கிவிடுகிறது. கொதிக்கும் பானையின் மூடியைத் தூக்கிப் பாருங்கள். அதன் உட்புறத்தில் துளிர்த்து நிற்கும் நீரும் இப்படி வந்ததுதான். ஆகவே குவியலின் சராசரி ஈரம் சரியாக இருந்தாலும், ஒரே ஓர் அடுக்கில் பூஞ்சை வேர்விடப் போதிய ஈரம் சேர்ந்துவிடும். பூஞ்சையும் மூச்சு விடும் உயிர்தான். அதன் வெப்பமும் நீரும் பக்கத்து மணிகளுக்குப் பரவுகின்றன. முழங்கை வரை கையை உள்ளே விட்டுப் பார்க்கும்போது ஓரிடம் மட்டும் சுட்டால், அந்த நெல்லை உடனே வெளியே எடுத்துப் பரப்புங்கள்.

பூஞ்சை பிடித்ததைக் கழுவிச் சமைத்துவிடலாம் என்ற எண்ணத்தை நான் முற்றாக எதிர்க்கிறேன். சில பூஞ்சைகள் சுரக்கும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு, புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. உலையில் கொதித்தாலும் அது அழிவதில்லை. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மாண்டபோது, அவை தின்ற நிலக்கடலைப் பிண்ணாக்கை ஆராய்ந்துதான் இந்த நஞ்சையே கண்டுபிடித்தார்கள்.

அவசரப்பட்டுக் கடும் சூட்டில் காயவைத்தாலும் நெல்மணி உள்ளே வெடித்து, அரைக்கும்போது நொய்யாகிவிடும். காற்றுப்புகாப் பைகள் வண்டுகளை மூச்சுத் திணறவைப்பதில் வல்லவை. ஆனால் ஈர நெல்லை அவற்றில் கட்டினால் புளித்துப்போகும்.

ஈரமானி இல்லாதவர்களுக்கு ஓர் எளிய சோதனை. நன்கு உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் இரண்டு கரண்டி உலர்ந்த தூள் உப்பையும், மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு நெல்லையும் இட்டு மூடி, ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்கிவிட்டுக் கால் மணி நேரம் அசையாமல் வையுங்கள். கண்ணாடியில் உப்பு ஒட்டினால் ஈரம் ஏறக்குறைய 15 விழுக்காட்டுக்கு மேல் இருக்கிறது. ஒட்டாவிட்டால் அதற்குக் கீழே என்று மட்டுமே பொருள் என்பதால், இன்னும் ஒரு வெயில் கொடுப்பது நல்லது.

என் கையில் இருக்கும் புட்டியைப் பாருங்கள், உப்பு ஒட்டியிருக்கிறது. இந்த மூட்டையை நான் இன்று தைக்கப்போவதில்லை. நாளைக் காலை இது மீண்டும் களத்துக்குப் போகிறது.