நட்சத்திர வளையத்தில் ஏன் உருண்டைக் குமிழி வருகிறது?

அடுத்த கேள்வியை ஒரு தாய் அனுப்பியிருக்கிறார். படிக்கிறேன்: "விடுமுறையில் என் ஆறு வயது மகனும் நானும் வீட்டிலிருந்த மெல்லிய கம்பியை நட்சத்திரம், இதயம் என்று வளைத்து, சோப்புக் குமிழி ஊதும் வளையங்கள் செய்தோம். பாதி நேரம் குமிழியே வரவில்லை. வந்த ஒன்றிரண்டும் உருண்டையாகத்தான் வந்தன. பையனுக்கு முகம் தொங்கிப்போய்விட்டது. எங்கே தவறு செய்தோம்?"

சகோதரி, உருண்டையாக வந்ததில் உங்கள் தவறு ஒன்றும் இல்லை. குமிழியே வராததற்குக் காரணம் கம்பி. முதலில் கம்பியைப் பார்த்துவிடுவோம்.

வளையம் என்றால் குமிழிக்கு வடிவம் கொடுப்பது என்று நினைத்துவிடுகிறோம். அதன் வேலை கரைசலைச் சுமப்பது. ஊத ஊதப் படலம் விரிகிறது. விரிகிற படலத்துக்குக் கரைசல் வந்துகொண்டே இருக்க வேண்டும், அது வளையத்தின் ஓரத்திலிருந்துதான் வர முடியும். வழுவழுப்பான வெறும் கம்பியில் எவ்வளவு தங்கும்?

இதோ என் கையில் இரண்டு வளையங்கள் இருக்கின்றன. ஒரே கம்பி, ஒரே அளவு. ஒன்றில் மட்டும் பருத்தி நூலை நெருக்கமாகச் சுற்றியிருக்கிறேன். இரண்டையும் தோய்த்துத் தூக்குகிறேன். வெறும் கம்பி இரண்டு சொட்டு விட்டது, அதோடு சரி. நூல் சுற்றியது இன்னும் சொட்டிக்கொண்டே இருக்கிறது, பாருங்கள். இதில் ஒருமுறை தோய்த்தால் வரிசையாக நாலைந்து குமிழிகள் விடலாம். உங்கள் நட்சத்திரத்தைத் தூக்கிப் போட வேண்டாம். அதன் மேல் நூலைச் சுற்றுங்கள், பழைய கம்பளி நூலானாலும் சரி. நைலான் நூல் ஈரத்தைப் பிடிக்காது. கம்பியின் இரு முனைகளும் இடைவெளியில்லாமல் முறுக்கிச் சேர்ந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். நூல் சுற்றும் வேலையைப் பையனிடமே கொடுத்துவிடுங்கள். கோணல்மாணலாகச் சுற்றினாலும் கரைசல் நன்றாகவே நிற்கும்.

இனி உருண்டைக் கதை. சோப்புப் படலம் எப்போதும் தன்னைச் சுருக்கிக்கொள்ளப் பார்க்கும். உள்ளே அடைபட்ட காற்றை மிகக் குறைந்த பரப்பால் மூட வேண்டுமென்றால் அதற்கேற்ற வடிவம் கோளம் ஒன்றுதான். வளையத்தைவிட்டுப் பிரிந்த நொடியில், நட்சத்திரத்தில் பிறந்ததும் இதயத்தில் பிறந்ததும் உருண்டையாகிவிடும். இதைப் பையனிடம் முன்கூட்டியே சொல்லிவிடாமல், "என்ன வடிவத்தில் வரும், சொல் பார்க்கலாம்" என்று கேட்டிருந்தால் அதுவே விளையாட்டாகியிருக்கும். போகட்டும், அடுத்த முறை பக்கத்து வீட்டுக் குழந்தையிடம் அவனே கேட்கட்டும்.

நட்சத்திரம்தான் இல்லை, ஆனால் ஒரு சதுரக் குமிழியை அவனுக்குக் காட்ட முடியும். உறிஞ்சுகுழல்களை விரல் நீளத்துக்கு 12 துண்டுகளாக நறுக்கி, உள்ளே கம்பி நுழைத்து, ஒரு கனசதுரக் கூடு கட்டுங்கள். அது முழுதும் மூழ்குகிற அளவுக்கு ஆழமான பாத்திரத்தில் அமிழ்த்தி, மெதுவாகத் தூக்குங்கள். படலங்கள் பக்கங்களில் நிற்காமல் நடுவே ஓடிப்போய்க் கூடிக்கொள்ளும். அந்த நடுப்பகுதிக்குள் நனைத்த உறிஞ்சுகுழலை விட்டு மெல்ல ஊதினால், லேசாகப் புடைத்த ஒரு சின்னப் பெட்டி உருவாகும். நான் முதல்முறை செய்தபோது குழலை நனைக்க மறந்துவிட்டேன். தொட்டதுமே எல்லாம் போய்விட்டது. காய்ந்தது எதுவாக இருந்தாலும் குமிழிக்குப் பகை. நனைந்த விரலைக் குமிழிக்குள் விட்டு எடுக்கலாம், ஒன்றும் ஆகாது. காய்ந்த விரல் பட்டாலே உடையும்.

பெல்ஜிய நாட்டு இயற்பியலாளர் ஜோசப் பிளாட்டோ இப்படிக் கம்பிக் கூடுகளைச் சோப்புக் கரைசலில் தோய்த்துத்தான் ஆராய்ந்தார். படலங்கள் மூன்று மூன்றாக, 120 பாகைக் கோணத்தில் சந்திக்கும் என்பதையெல்லாம் எழுதிய அவருடைய நூல் 1873-இல் வந்தது. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அவர் பார்வையை முற்றிலும் இழந்திருந்தார். மற்றவர்கள் பார்த்துச் சொல்லச் சொல்ல, அவர் கணித்துக்கொண்டு போனார்.

வீட்டில் வேறு எதையெல்லாம் பயன்படுத்தலாம் என்றால், ஓட்டை உள்ள எதையும். ஜல்லிக்கரண்டி, வடிகட்டி, சாவியின் தலைப்பகுதி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்த வட்டம்கூடப் போதும். பிளாஸ்டிக் பாட்டிலின் அடியை வெட்டி, பழைய காலுறையை இழுத்து மாட்டி, வாய்ப்பக்கமாக ஊதினால் நுரை பாம்பாக நீளும். வெட்டுகிற வேலை பெரியவர்களுடையது. குழலானாலும் பாட்டிலானாலும் சின்னக் குழந்தைகள் ஊதுவதற்குப் பதில் உறிஞ்சிவிடுவார்கள். குழலின் மேல்பக்கம் ஊசியால் ஒரு துளை போட்டுவிட்டால் உறிஞ்சினாலும் கரைசல் வாய்வரை ஏறாது. பாட்டிலில், கரைசல் இல்லாமல் வெறுமனே ஊதிப் பழகிய பிறகு கொடுங்கள்.

கரைசலுக்கு நான் வைத்திருக்கும் அளவு இது: ஆறு பங்கு தண்ணீர், ஒரு பங்கு பாத்திரம் கழுவும் திரவம், ஒரு குவளைக்கு ஒரு சிறு கரண்டி கிளிசரின் அல்லது சர்க்கரை. சேர்ப்பது எதுவானாலும் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகாமல் தடுக்கும். சர்க்கரையானால் கை பிசுபிசுக்கும், அவ்வளவுதான். அடித்துக் கலக்காதீர்கள். நுரை மேலே நின்றால் படலம் ஒழுங்காகப் பிடிக்காது. சுள்ளென்ற வெயிலிலும் காய்ந்த காற்றிலும் போராடாமல், காலையிலோ மழை ஓய்ந்த பிறகோ ஊதிப் பாருங்கள்.

அவசரப்படாமல் ஒரு குமிழியின் உச்சியையும் கவனியுங்கள். நிறங்கள் கீழே வழிந்து, மேலே கறுப்பாக ஒரு புள்ளி தெரியும். படலம் அங்கே மிக மெலிந்துவிட்டது என்று பொருள். 1704-இல் வெளியான தன் ஒளியியல் நூலில் நியூட்டன், குமிழியைக் கண்ணாடியால் மூடிக் காற்றுப் படாமல் வைத்து இந்தக் கறுப்பைப் பார்த்ததாக எழுதியிருக்கிறார். எங்கள் வீட்டில் என் மகள் அதைப் பார்த்ததும், குமிழி உடையும்வரை எண்ண ஆரம்பித்துவிடுவாள். இதுவரை ஐந்தைத் தாண்டியதில்லை.

மீந்த கரைசலைக் கொட்ட வேண்டாம். ஓர் இரவு அசையாமல் இருந்தால் நுரை அடங்கி, மறுநாள் இன்னும் நன்றாக வரும். ஆனால் குடிதண்ணீர் வைக்கிற பாட்டிலில் மட்டும் ஊற்றி வைக்காதீர்கள்.