அழிப்பதற்கு முன்

நேயர்களுக்கு வணக்கம். இணையத்தில் மிரட்டப்பட்டவர்களோடும் அவதூறுக்கு ஆளானவர்களோடும் நெடுங்காலமாகப் பேசிவருகிறேன். அவர்களில் பலர் முதலில் செய்வது எல்லாவற்றையும் அழித்துவிடுவது. வந்த செய்தி, உரையாடல், சிலர் தங்கள் கணக்கையே. கண்ணில் படாமல் தொலைந்தால் போதும் என்ற பதைப்பு அது. பதைப்பு நியாயமானதுதான். ஆனாலும் தயவுசெய்து அழிக்காதீர்கள். நான் சொல்ல வந்ததில் பாதி இதுதான்.

ஓர் இளைஞரைப் பற்றிச் சொல்கிறேன். முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் பெயரில் நட்பு அழைப்பு வந்தது. இரண்டு நாள் இனிமையான பேச்சு, பிறகு வீடியோ அழைப்பு. அழைப்பு முடிந்த கையோடு, அவருடைய நண்பர்கள் பட்டியலையே படம் பிடித்து அனுப்பி, "இவங்க எல்லாருக்கும் உன் வீடியோ போகும், பணம் போடு" என்று மிரட்டல். போட்டார். சற்று நேரத்தில் மறுபடியும் கேட்டார்கள். மறுபடியும் போட்டார். பணம் கொடுத்தால் மிரட்டல் ஓயாது நேயர்களே. இவர் கொடுப்பார் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும், அவ்வளவுதான்.

அன்று இரவே உரையாடலை மொத்தமாக அழித்துவிட்டார். அக்காவோடு என்னிடம் வந்தபோது தலை நிமிரவில்லை. அக்காதான் கேட்டார், "போனது போகட்டும்டா, பணம் அனுப்பினதுக்கு ரசீது இருக்குல்ல?" இருந்தது. பணம் போன கணக்கு, பரிமாற்ற எண், நேரம் எல்லாம் அதில் இருந்தன. மின்னஞ்சல் பெட்டியைத் துழாவினோம். 'உங்களைப் பின்தொடர்கிறார்' என்று வந்த பழைய அறிவிப்பில் அந்தப் போலிக் கணக்கின் பயனர் பெயர் அப்படியே கிடந்தது. புகார் நின்றது அந்த இரண்டின் மேல்தான். அக்காவிடம் வாய் திறந்து சொன்னாரே, அங்கேதான் அவருக்கு வழி பிறந்தது. வீட்டில் இருப்பவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், "நீ ஏன் அழைப்பை எடுத்தாய்?" என்ற கேள்வியை அந்த நேரத்தில் கேட்காதீர்கள்.

எதைச் சேமிப்பது? திரையைப் படம் பிடிக்கும்போது தேதியும் நேரமும் தெரியட்டும். மேலே தெரியும் பெயர் மட்டும் போதாது, அதை நொடியில் மாற்றிவிடலாம். கணக்கின் இணைப்பையும் பதிவின் இணைப்பையும் தனியாக எழுதிவையுங்கள். தானாக மறையும் செய்தி என்றால் இன்னொரு போனால் படம் எடுங்கள். இதெல்லாம் முடிந்த பிறகு புகார், அதன் பிறகு பிளாக். ஒரு விதிவிலக்கு உண்டு: பதினெட்டு வயதுக்கு உட்பட்டவரின் அந்தரங்கப் படத்தைப் பிரதி எடுக்கவோ யாருக்கும் அனுப்பவோ வேண்டாம். ஆதாரத்துக்காக என்றாலும் பல நாடுகளில் அது குற்றம். கணக்கு விவரத்தோடு நேராகக் காவல்துறைக்குப் போங்கள்.

அந்தரங்கப் படம் பரவிவிடுமோ என்று அஞ்சுபவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. பிரிட்டனில் 2021இல் தொடங்கிய 'ஸ்டாப் என்.சி.ஐ.ஐ.' என்ற இலவசச் சேவை. உங்கள் படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது. படத்திலிருந்து ஒரு குறியீடு மட்டும் உருவாகும். ஆளுக்கு ஒரு கைரேகை போல, படத்துக்கு ஒரு குறியீடு. இதில் சேர்ந்திருக்கும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்கள் அந்தக் குறியீட்டோடு பொருந்தும் படத்தைக் கண்டுபிடித்துத் தடுக்கும். படத்தை வெட்டித் திருத்திப் போட்டால் தப்பிவிடக்கூடும், சேராத தளங்களில் வேலை செய்யாது. அப்படியும் இது பெரிய துணை. பதினெட்டு வயதுக்கு முன் எடுத்த படங்களுக்கு 'டேக் இட் டவுன்' என்று தனிச் சேவை, 2023இல் அமெரிக்காவில் தொடங்கியது.

கடவுச்சொல் பற்றி விரிவாகப் பேச வந்தேன், நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் உங்கள் மின்னஞ்சலுக்கு இரட்டைச் சரிபார்ப்பை, அதாவது கடவுச்சொல்லோடு இன்னொரு உறுதிப்படுத்தலும் கேட்கும் வசதியைப் போடுங்கள், மற்றக் கணக்குகளை மீட்க மின்னஞ்சல்தான் சாவி. போனுக்கு வரும் ஓ.டி.பி.யை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். இப்போது மிரட்டலில் சிக்கியிருப்பவர்கள், பணம் போடாமல், அழிக்காமல், இன்று இரவே நம்பகமான ஒருவரிடம் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.