மணலுக்கு ஈடுகொடுக்கும் இரும்பு: உயர் குரோமியம் வெள்ளை வார்ப்பிரும்பு

[காட்சி: அனல் மின் நிலையத்தின் பவுல் மில், உள்தோற்றம்]

வணக்கம். அனல் மின் நிலையத்துக்கு வரும் நிலக்கரி, பவுல் மில் என்னும் அரவை இயந்திரத்தில் மாவாக அரைக்கப்பட்டு, சூடான காற்றுடன் கொதிகலனுக்குள் செலுத்தப்படுகிறது. நிலக்கரி மென்மையானதுதான், அரைக்கும் உருளைகளைத் தின்பது அதனுடன் கலந்து வரும் கல்லும் மணலும். இந்திய நிலக்கரியில் சாம்பல் பொதுவாக 30 முதல் 45 சதவீதம் வரை இருப்பதாலும், அச்சாம்பலில் சிலிக்காவே மிகுதி என்பதாலும், இங்கே தேய்மானம் கடுமையாக இருக்கிறது. அதற்கு ஈடுகொடுக்கும் உலோகம்தான் உயர் குரோமியம் வெள்ளை வார்ப்பிரும்பு.

[காட்சி: விக்கர்ஸ் கடினத்தன்மை அளவுகோல்]

குவார்ட்ஸ் மணலின் கடினத்தன்மை விக்கர்ஸ் அளவில் ஏறத்தாழ 1,000 முதல் 1,200 வரை. சாதாரண வார்ப்பிரும்போ பெரும்பாலும் 300-ஐத் தாண்டுவதில்லை. வெள்ளை வார்ப்பிரும்பில் கார்பன் கிராஃபைட்டாகப் பிரியாமல் இரும்புடன் சேர்ந்து கார்பைடாக உறைவதால் கடினம் கூடுகிறது. ஆனால் அந்தக் கார்பைடு விடுபடாத வலைபோல் பரவுவதால், ஓரிடத்தில் தோன்றும் விரிசல் அவ்வலை வழியே எளிதில் ஓடிவிடும். சுமார் 4 சதவீதம் நிக்கலும் 2 சதவீதம் குரோமியமும் சேர்த்த நி-ஹார்டு வகையில், கார்பைடுக்கு இடையிலுள்ள உலோகத்தில், பியர்லைட் என்னும் மென்மையான உள்ளமைப்புக்குப் பதிலாக மார்ட்டென்சைட் என்னும் கடினமான உள்ளமைப்பு உருவாகிறது. வலை மட்டும் அப்படியே இருக்கிறது.

[காட்சி: நுண்ணோக்கிப் படம், தனித்தனிக் கார்பைடுகள்]

குரோமியம் 12 சதவீதத்தைத் தாண்டும்போதுதான் உண்மையான மாற்றம் நிகழ்கிறது. அப்போது உருவாகும் குரோமியக் கார்பைடின் கடினத்தன்மை 1,200 முதல் 1,800 வரை செல்வதால், குவார்ட்ஸால் அதை எளிதில் கீற முடிவதில்லை. அது தனித்தனிக் கோல்களாக வளர்வதால், இடையிலுள்ள உலோகம் தொடர்ச்சியாக நின்று விரிசலைத் தடுக்கிறது. என் கருத்தில், கடினத்தைவிட இந்த வடிவ மாற்றமே பெரிய ஆதாயம்.

வார்ப்பை 950 முதல் 1,050 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் வைத்திருந்தால், ஆஸ்டெனைட்டில், அதாவது உயர் வெப்பத்தில் இரும்பு கொள்ளும் உள்ளமைப்பில், கரைந்திருந்த கார்பனில் ஒரு பகுதி நுண்ணிய கார்பைடுகளாக வெளியேறுகிறது. கார்பன் குறைந்த ஆஸ்டெனைட், காற்றில் குளிரும்போதே மார்ட்டென்சைட்டாக மாறிவிடுகிறது. தண்ணீரில் தோய்த்தால் வார்ப்பில் விரிசல் விழுந்துவிடும். தடித்த வார்ப்புகளின் உட்பகுதி மெதுவாகக் குளிர்ந்து பியர்லைட்டாகிவிடாமல் இருக்க மாலிப்டினம் சேர்க்கிறார்கள்.

[காட்சி: பம்பின் இம்பெல்லர், சிமென்ட் ஆலையின் அரவைக் குண்டுகள்]

சிமென்ட் ஆலைகளின் அரவைக் குண்டுகளும், லைனர்கள் என்னும் உட்புறக் காப்புத் தகடுகளும், மணலும் தாதுவும் கலந்த கூழை இறைக்கும் பம்புகளின் இம்பெல்லர்கள் என்னும் சுழல் சக்கரங்களும் இந்த உலோகத்தில்தான் வார்க்கப்படுகின்றன. கூழில் அமிலமும் இருந்தால் குரோமியத்தை 27 சதவீதத்துக்கு மேல் உயர்த்துவது வழக்கம். கார்பைடுகளுக்குப் போக மிஞ்சும் குரோமியம் அரிப்பைத் தாங்குகிறது.

[காட்சி: ஜா கிரஷரில் உடையும் பாறை]

'கடினமான இரும்பு' என்று மட்டும் கேட்டு வாங்குபவர்கள் ஏமாறுவது இங்கேதான். பெரும்பாறைகள் மோதும் ஜா கிரஷரின் தாடைத் தகடுகளுக்கு இவ்வுலோகம் பொருந்தாது, உடைந்துவிடும். அடிபட அடிபட மேற்பரப்பு இறுகும் மாங்கனீசு எஃகே அங்கு ஏற்றது. வெப்பப் பதப்படுத்திய வார்ப்பில் சாதாரண டிரில்லால் துளையிடவும் முடியாது. ஆகவே துளைகளை வார்ப்பு அச்சிலேயே அமைத்துவிடுகிறார்கள். மரை தேவைப்படும் இடத்தில் மென்னெஃகுத் துண்டு ஒன்றை வைத்து, அதைச் சுற்றி உருகிய இரும்பை ஊற்றுகிறார்கள்.