எலியா அறியாத 7,000 பேர்

நடுவர் அவர்களே, எனக்கு முன்னால் முழங்கிவிட்டுப் போன எதிரணி நண்பர்களே, பின்பக்கம் பிரியாணி வாசனை வந்த பிறகும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் சபையாரே, எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

'துன்ப காலத்தில் கிறிஸ்தவ விசுவாசத்தைக் காப்பது தனிமனித உறுதியா, சபையின் துணையா?' இதுதான் தலைப்பு. உறுதியே என்று அவர்கள் பேசிவிட்டார்கள். துணையே என்று பேச நான் வந்திருக்கிறேன். ஒன்று கவனித்தீர்களா ஐயா? தனியாக நின்றாலே போதும் என்று வாதாட அவர்கள் மூன்று பேராக வந்திருக்கிறார்கள்!

எதிரணித் தலைவர் தானியேலைச் சாட்சிக்கு அழைத்தார். ராஜா தடை போட்ட பிறகும் தினம் மூன்று வேளை தன்னந்தனியாக முழங்கால் போட்டான், சிங்கக் கெபிக்கும் அஞ்சவில்லை என்றார். சரி, அது ஆறாம் அதிகாரம். அண்ணன் இரண்டாம் அதிகாரத்தை ஏன் தாண்டிப் போனார்? நேபுகாத்நேச்சார் ஞானிகளையெல்லாம் கொல்லச் சொன்னபோது தானியேல் செய்தது என்ன? ராஜாவிடம் தவணை கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் அனனியா, மீஷாவேல், அசரியா என்ற தன் தோழர்களிடம் விஷயத்தைச் சொன்னான். இரக்கத்துக்காக நீங்களும் கேளுங்கள் என்றான். அப்படிச் சேர்ந்து ஜெபித்துப் பழகியவன்தான் பிற்காலத்தில் தனியாக ஜன்னலைத் திறந்தான்.

என் சாட்சி எலியா. கர்மேல் மலையில் பாகால் என்ற அந்நியத் தெய்வத்தின் அத்தனை தீர்க்கதரிசிகளுக்கு எதிரே ஒற்றை ஆளாக நின்றவன். தனிமனித உறுதிக்கு அவனைவிடப் பெரிய ஆள் உண்டா? அதே எலியா அடுத்த அதிகாரத்திலேயே சூரைச்செடியின் கீழே படுத்து, 'போதும் கர்த்தாவே' என்று சாகக் கேட்கிறான். அவன் புலம்பலைக் கேளுங்கள்: 'நான் ஒருவன் மாத்திரம் மீதியாயிருக்கிறேன்.' இரண்டு தடவை சொல்கிறான். கடவுள் அவனுக்கு என்ன பதில் கொடுத்தார்? 'நீ இன்னும் உறுதியாக இரு' என்றாரா? இல்லை. பாகாலுக்கு முழங்கால் முடக்காத 7,000 பேர் இருக்கிறார்கள் என்று கணக்குச் சொன்னார். கையோடு எலிசாவையும் துணைக்குக் கொடுத்தார். சோர்ந்து விழுந்தவனுக்குக் கர்த்தர் எழுதிய மருந்துச் சீட்டில் ஆட்கள்தான் இருந்தார்கள் ஐயா.

வேதாகமக் கதை எல்லாருக்கும் தெரியும் என்பீர்கள். வரலாற்றுக்கு வருகிறேன்.

1658-இல் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர்கள், யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தார்கள். அவர்களும் கிறிஸ்தவர்கள்தான், புராட்டஸ்டண்டு. (நானும் புராட்டஸ்டண்டு, அதனால் இதைக் கொஞ்சம் கூச்சத்தோடுதான் சொல்கிறேன்.) கத்தோலிக்கக் குருக்களைத் துரத்தினார்கள், கோயில்களை எடுத்துக்கொண்டார்கள், குருக்களை ஒளித்து வைத்தால் மரண தண்டனை என்று அறிவித்தார்கள். ஒரு பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் கேட்க ஆளில்லை. ஒரு வருடம், இரண்டு வருடம் இல்லை, ஏறத்தாழ 30 வருடம். அந்தத் தடையின்போது பிறந்த பிள்ளை வளர்ந்து, கல்யாணம் முடித்து, தானும் பிள்ளை பெற்றிருக்கும்.

1687-இல் கோவாவிலிருந்து ஒரு குரு, கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். யோசேப் வாஸ் அடிகள். யார் கத்தோலிக்கர், யார் காட்டிக் கொடுப்பவர் என்று அவருக்குத் தெரியாது. என்ன செய்தார்? கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். எதிரணி சொல்லும் தனி பக்திதான் போதும் என்றால் அந்த மாலையை மடிக்குள் வைத்து உருட்டியிருக்கலாமே? உயிரைப் பணயம் வைத்து வெளியே தெரியப் போட்டது, அதைப் பார்த்துக் கண் கலங்குகிற ஒரு வீட்டைக் கண்டுபிடிக்கத்தான். அப்படி வீடுகள் கிடைத்தன. சில்லாலை என்கிற கிராமம் அவருக்கு அடைக்கலமே ஆனது. 1689-இல் கிறிஸ்துமஸ் இரவுப் பூசைக்குக் கூடியிருந்த இடத்தில் சிப்பாய்கள் புகுந்தார்கள். மக்கள் பிடிபட்டார்கள், அடிபட்டார்கள். அடிகள் மட்டும் அகப்படவில்லை.

அப்புறம் அவர் கண்டி வரைக்கும் போனார். ஒற்றை ஆளாக ஒரு தீவு முழுக்க எப்படிப் பார்ப்பது? ஊருக்கு ஊர் மூப்பர் என்றும் அண்ணாவி என்றும் பொதுமக்களிலிருந்தே ஆட்களை வைத்தார். குரு வராத மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை கூட்டிச் செபம் சொல்வது, பிள்ளைகளுக்கு மந்திரம் படிப்பிப்பது, சாகக் கிடப்பவர் பக்கத்தில் இருப்பது எல்லாம் இவர்கள் பொறுப்பு. வாஸ் அடிகள் 1711-இல் கண்டியில் இறந்தார். 2015 ஜனவரி 14 அன்று கொழும்பு காலி முகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார். அந்த அண்ணாவிமாருக்குப் பட்டம் கிடையாது, பெயர்கூட நமக்கு வந்து சேரவில்லை. என் கட்சி அவர்களுடைய கட்சி.

இதைவிட நீண்ட கதை ஜப்பானில். 1614-இல் அங்கே கிறிஸ்தவத்துக்கு நாடு முழுக்கத் தடை. மறைந்திருந்த கடைசிக் குருவையும் 1644-இல் கொன்றுவிட்டார்கள். நாகசாகிப் பக்கத்துக் கிராமத்து விவசாயிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? தங்களுக்குள் ஒருவரைத் திருநாள் கணக்குப் பார்க்க வைத்தார்கள், இன்னொருவரை ஞானஸ்நானம் கொடுக்க வைத்தார்கள். 200 வருடத்துக்கு மேல் இப்படியே ஓடியது. 1865 மார்ச் 17 அன்று, நாகசாகியில் புதிதாகக் கட்டிய ஓவுரா ஆலயத்துக்கு உரகாமி கிராமத்திலிருந்து ஒரு சிறு கூட்டம் வந்தது. பெத்தீஜான் என்கிற பிரெஞ்சுக் குருவிடம் ஒரு பெண் மெதுவாகச் சொன்னாள்: எங்கள் எல்லாருடைய இருதயமும் உங்கள் இருதயம் போலத்தான். அப்புறம், மாதா சுரூபம் எங்கே என்று கேட்டாள். அவள் 'என் இருதயம்' என்று சொல்லவில்லை, நடுவர் அவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். அந்த மக்களை அதிகாரிகள் கூப்பிட்டு, இயேசு அல்லது மாதா உருவம் பதித்த தகட்டைக் காலால் மிதிக்கச் சொல்வார்கள். மிதிக்காவிட்டால் சித்திரவதை, மரணம். பலர் மிதித்தார்கள். மிதித்துவிட்டு வீட்டுக்கு வந்து, பாவத்துக்கு வருந்திச் சொல்லும் மனஸ்தாப செபம் சொன்னார்கள். எதிரணியின் அளவுகோலை வைத்தால் இவர்கள் எல்லாம் தோற்றவர்கள். உறுதி இல்லாதவர்கள். ஆனால் தோற்றுப்போய் வந்தவனையும் உட்காரவைத்துச் செபிக்க ஒரு கூட்டம் இருந்ததால்தான் அவன் பேரப்பிள்ளையின் பேரப்பிள்ளை 1865-இல் ஆலயத்துக்கு வர முடிந்தது. எதிரணியின் விசுவாசத்தில் வீரர்களுக்கு மட்டும்தான் இடம். மறுதலித்த பேதுரு எங்கே போவான்? சந்தேகப்பட்ட தோமா எங்கே போவான்? மற்றவர்கள் இருந்த அறைக்குத்தான் போனார்கள்.

அடுத்து, மறைசாட்சி தேவசகாயம் பிள்ளை. சங்கிலியில் கட்டுண்டு தனியாக நின்றாரே என்று எதிரணிச் சகோதரர் உருகினார். நானும் உருகுகிறேன். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டவர் அவர். ஆனால் அவருடைய விசுவாசம் எங்கே தொடங்கியது? வீட்டில் நஷ்டத்துக்கு மேல் நஷ்டம் வந்து நொந்து போயிருந்தபோது, குளச்சல் போரில் பிடிபட்டுத் திருவிதாங்கூர் படையில் சேர்ந்த டச்சுத் தளபதி டிலனாய் பக்கத்தில் உட்கார்ந்து யோபுவின் கதையைச் சொன்னார். 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம். மனைவியும் அதே வழியில் வந்தார். ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்குச் சொன்ன ஆறுதல் காற்றாடிமலை வரைக்கும் தாங்கியிருக்கிறது.

கொரோனாவில் ஆலயத்தைப் பூட்டினார்கள், விசுவாசத்தைப் பூட்டவில்லை என்ற வசனத்துக்கு நல்ல கைத்தட்டு வாங்கினார்கள். நானும் தட்டினேன். ஆனால் 2020 உயிர்த்தெழுந்த ஞாயிறு அன்று நாம் என்ன செய்தோம்? யூடியூபில் ஆராதனை தேடினோம். அடுத்த வருடம் இரண்டாம் அலையில் ஜெபக்குழு வாட்ஸ்ஆப்பில் நள்ளிரவிலும் ஆக்சிஜன் கேட்டு, ரத்தம் கேட்டுச் செய்தி வந்தது. அடக்கத்துக்கு 20 பேர்தான் என்ற கட்டுப்பாட்டில் அப்பா அம்மாவை அடக்கம் செய்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கலாம். வைரஸ் கொடுத்த வலி ஒன்று, வரவேண்டியவர்கள் வர முடியாமல் போனது இன்னொன்று. எது இன்னும் ஆறவில்லை என்று அவர்களைக் கேளுங்கள்.

சபையில் சண்டை இல்லையா, திருமண்டலத் தேர்தல் இல்லையா, கோர்ட்டு வழக்கு இல்லையா என்றும் கேட்டார்கள். இருக்கிறது. மறைத்துப் பயனில்லை, பேப்பரில் வருகிறதே! ஆனால் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் இரண்டு அணிக்காரர்களும் வந்து நாற்காலி இறக்குவதையும் பார்த்திருக்கிறேன். பேசிக்கொள்ள மாட்டார்கள், நாற்காலி மட்டும் இறக்குவார்கள். போதும்.

மணி அடித்துவிட்டது, யோபுவோடு முடித்துக்கொள்கிறேன். எதிரணி ஆசிரியை அக்கா அவரைத்தான் பெரிய ஆயுதமாக எடுத்தார். நண்பர்கள் குத்திக் குதறினார்கள், யோபு தனியாக நின்று 'என் மீட்பர் உயிரோடிருக்கிறார்' என்றான் என்றார். அக்கா, அந்த வசனத்துக்கு நாலு வசனம் மேலே பாருங்கள். 'என் சிநேகிதரே, எனக்கு இரங்குங்கள், எனக்கு இரங்குங்கள்' என்று கெஞ்சுகிறான். நண்பர்கள் வேண்டாம் என்று அவன் எங்கேயும் சொல்லவில்லை. அவர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் கூடவே உட்கார்ந்திருந்தவரை ஒரு குறையும் இல்லை. வாயைத் திறந்து விளக்கம் கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் வினை. அதுவும் நம் சபைகளுக்குத் தேவையான செய்திதான், இருக்கட்டும்.

அவன் சிறையிருப்பு, அதாவது அவன் துன்ப நிலை, எப்போது மாறியது? கடைசி அதிகாரம் பத்தாம் வசனம் சொல்கிறது, தன் சிநேகிதருக்காக வேண்டுதல் செய்தபோது. பதினோராம் வசனத்தில் சகோதரர், சகோதரிகள், முன்பு பழகியவர்கள் எல்லாரும் அவன் வீட்டுக்கு வந்து, கூட உட்கார்ந்து சாப்பிட்டு, ஆளுக்கு ஒரு காசும் ஒரு பொன் நகையும் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். ஐயா, யோபுவுக்கு மொய் எழுதியிருக்கிறார்கள்! தனியாகவே சமாளித்துவிட்டவன் வீட்டில் எதற்கு ஐயா பந்தி?