‘அனிமல்ஸ்’ ஆல்பத்தின் உயிர் கிட்டாரே

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான பிங்க் ஃபிளாய்டின் ‘அனிமல்ஸ்’ ஆல்பத்திற்கு உயிர் தருவது டேவிட் கில்மோரின் கிட்டாரா, ரோஜர் வாட்டர்ஸின் வரிகளா என்பது தலைப்பு. கிட்டாரே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணிச் சகோதரி, “1977இல் இந்த ஆல்பம் வந்தபோது கிட்டாரையா பேசினார்கள்? அட்டையில் பறந்த பன்றியைத்தானே பேசினார்கள்!” என்று கேட்டுக் கைதட்டலையும் வாங்கிக்கொண்டு அமர்ந்துவிட்டார். ஆனால், பன்றியின் கதையை அவர் பாதியிலேயே விட்டுவிட்டார், நடுவர் அவர்களே. மீதியைச் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது.

1976 டிசம்பரில், லண்டன் பேட்டர்சி மின் நிலையத்தின் புகைபோக்கிகளுக்கு நடுவே ஹீலியம் நிரப்பிய 40 அடிப் பன்றி பலூனைப் பறக்கவிட்டு அட்டைப் படம் எடுக்கத் திட்டமிட்டார்கள். பன்றி அறுத்துக்கொண்டு போனால் சுட்டு வீழ்த்துவதற்கு, குறி தவறாத துப்பாக்கி வீரர் ஒருவரையும் அமர்த்தினார்கள். முதல் நாள் துப்பாக்கி வீரர் வந்தார், பன்றி எழும்பவில்லை. மறுநாள் பன்றி எழும்பியது. துப்பாக்கி வீரரை வரச் சொல்ல மறந்துவிட்டார்கள்! அவர் வரவில்லை என்ற செய்தியைப் பன்றிக்கு யார் சொன்னார்களோ, கட்டை அறுத்துக்கொண்டு கிளம்பியது. ஹீத்ரோ விமான நிலையத்தில் விமானங்கள் தடைபட்டன. இரவில் அது கென்ட் பகுதியில் ஒரு பண்ணையில் போய் இறங்க, தன் மாடுகள் மிரண்டுவிட்டன என்று பண்ணைக்காரர் கொதித்தார். நாய், பன்றி, ஆடு மூன்றையும் பாடிய ஆல்பத்தில் மாட்டுக்கு இடமில்லையே என்ற குறையும் அன்று தீர்ந்தது. இவ்வளவுக்கும் பிறகு, அட்டையில் நாம் பார்க்கும் பன்றி படத்தின்மேல் ஒட்டிச் சேர்த்த பன்றி!

சரி, பன்றியைப் பறக்கவிடும் யோசனை யாருடையது? எதிரணி தலையில் தூக்கிவைத்து ஆடும் வாட்டர்ஸுடையது. ஆகவே, அந்தப் பன்றி உங்கள் அணியைச் சேர்ந்தது சகோதரி. முதல் வாய்ப்பிலேயே உங்களை விட்டு ஓடியதும் அதுதான்.

இனி பாட்டுகளுக்கு வருவோம். 17 நிமிடம் ஓடும் ‘டாக்ஸ்’ பாட்டை, 1974இலேயே வேறு பெயரில் மேடைகளில் வாசித்தார்கள். அப்போது அதில் சொற்கள் மிகுந்திருந்ததால், பாட வேண்டிய கில்மோர் திணறினார். பிறகு வாட்டர்ஸே சொற்களைக் குறைத்தார். ‘பிக்ஸ்’ பாட்டில் கிட்டார் ஒலியை வாயசைவால் மாற்றும் ‘டாக் பாக்ஸ்’ கருவி வழியாகப் பன்றியாய் உறுமுவது கில்மோரின் கிட்டார். இன்னொன்றையும் கேளுங்கள்: அந்தப் பாட்டிலும் ‘ஷீப்’ பாட்டிலும் தன் வேலையான பேஸ் கிட்டார் வாசிப்பைக் கில்மோரிடம் விட்டுவிட்டு, வாட்டர்ஸே ரிதம் கிட்டாரைக் கையில் எடுத்தார். எதிரணியின் நாயகரே எங்கள் பக்கம் வந்து வாசித்த பிறகு வாதம் எதற்கு?

இந்த ஆல்பத்தில்தான் மனக்கசப்பும் முற்றியது. விற்பனையில் எழுதியவருக்கு வரும் பங்கான ராயல்டி பாட்டுக் கணக்கில் பிரிந்ததால், கில்மோரும் சேர்ந்து எழுதிய 17 நிமிட ‘டாக்ஸ்’ ஒரு பாட்டாகவும், வாட்டர்ஸ் எழுதித் தொடக்கத்திலும் முடிவிலும் வைத்த ஒன்றரை நிமிடத் துண்டுகள் இரண்டு பாட்டாகவும் எண்ணப்பட்டன. பின்னாளில் வாட்டர்ஸ் குழுவை விட்டு விலகினார். குழுவின் பெயருக்காக வழக்கறிஞர்கள் வழியே மோதிக்கொண்டார்கள்.

அப்படிப் பிரிந்தவர்கள், 2005 ஜூலை 2 அன்று, லண்டன் ஹைட் பார்க்கில் ‘லைவ் 8’ என்ற நற்பணி இசை நிகழ்ச்சி மேடையில் குழுவின் நால்வராய் மீண்டும் நின்றார்கள். கில்மோரின் நீண்ட கிட்டார் வாசிப்போடு நிகழ்ச்சியை முடித்தார்கள். மேடையை விட்டு இறங்கப்போன கில்மோரை வாட்டர்ஸ் கையசைத்துக் கூப்பிட்டார்; நால்வரும் தோளோடு தோள் அணைத்துக்கொண்டார்கள். மூன்றே ஆண்டில் கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் ரைட் மறைந்துவிட்டார். அந்த நால்வர் இனி ஒருபோதும் ஒன்றுசேர முடியாது.

இதற்கும் தலைப்புக்கும் என்ன தொடர்பு என்று எதிரணி கேட்கும், கேட்கட்டும். நால்வரும் சேர்ந்து மேடையில் எழுப்பிய கடைசி இசை அந்தக் கிட்டாரோடுதான் முடிந்தது. அதன் பக்கம் தீர்ப்பு வழங்குங்கள், நடுவர் அவர்களே. நன்றி.