முதல் சிஎன்சி மெஷின் வாங்குறதுக்கு முன்னாடி: ஒரு பென் டிரைவும் ஒரு தேக்குப் பலகையும்

[காட்சி: தேக்குப் பலகையில் மயில் தோகை செதுக்கும் பிட்டு, மிக அருகில்]

வணக்கம். கதவுப் பூவேலை, பூஜை ரூம் கதவு, கட்டில் தலைமாடு பண்ற பட்டறைக்கு முதல் சிஎன்சி ரவுட்டர், அதாவது கம்ப்யூட்டர் சொல்றபடி மரத்தைச் செதுக்குற மெஷின், வாங்குறது பத்தின வீடியோ இது. ஷோரூமுக்குப் போனதும் "நிமிஷத்துக்கு 20 மீட்டர் ஓடும்"னு சொல்வாங்க. அது பெட்டுக்கு, அதாவது பலகை வைக்கிற மேடைக்கு, மேல வெறுமனே ஓடுற வேகம். பூவேலையில நடக்கிறது வேற. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துடுவோம்.

[திரையில்: 600 × 900 மி.மீ. பேனல்]

ரெண்டடிக்கு மூணடி பேனல் ஒண்ணு. முனை ரேடியஸ் 1 மி.மீ. உள்ள டேப்பர் பால்நோஸ் பிட்டு, அதாவது கீழ வர வரக் கூம்பி நுனி உருண்டையா இருக்கற பிட்டு. ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடைவெளி, அதாவது ஸ்டெப் ஓவர், 0.4 மி.மீ. அகலம் 600-ஐ 0.4-ஆல வகுத்தா 1,500 கோடு. ஒவ்வொரு கோடும் 900 மி.மீ. ஆக பிட்டு நடக்க வேண்டிய தூரம் 1,350 மீட்டர். ஃபீட், அதாவது வெட்டிக்கிட்டே நகர்ற வேகம், நிமிஷத்துக்கு 3 மீட்டர்னு வச்சா ஏழரை மணி நேரம்.

சாஃப்ட்வேர் காட்டுற நேரமும் ஏறக்குறைய இதுதான். ஆனா பிட்டு நேர் கோட்டுல போறதில்ல. இதழ் மேல ஏறுது, குழியில இறங்குது, மறுபடி ஏறுது. திரும்புற ஒவ்வொரு இடத்துலயும் மெஷின் வேகத்தைக் குறைச்சுத்தான் கூட்ட முடியும். சராசரி 2 மீட்டர் வந்தா, அதே பேனல் பதினொண்ணே கால் மணி நேரம். இதுக்கு முன்னாடி 6 மி.மீ. எண்ட் மில் (தட்டை நுனி பிட்டு) போட்டு ரஃபிங், அதாவது அதிகப்படி மரத்தை முதல்ல கரடா எடுக்கிற ஓட்டம், ஓட்டுற நேரம் தனி. ஒரு பேனல் ஒரு நாளை முழுங்கிடும். கூலி பேசுறப்ப இந்த நேரத்தை வச்சுப் பேசணும்.

அதனால மெஷின்ல முதல்ல பார்க்க வேண்டியது இசட் ஆக்ஸிஸ், அதாவது ஸ்பிண்டிலை (பிட்டைச் சுத்த வைக்கிற மோட்டார்) ஏத்தி இறக்குற பகுதி. அங்க பால் ஸ்க்ரூ, அதாவது குண்டு மேல உருளுற திருகு, இருக்கணும். நீளவாக்குலயும் அகலவாக்குலயும் ரேக் அண்ட் பினியன் (பல் வச்ச நீளப் பட்டையும் அது மேல ஓடுற பல்சக்கரமும்) இருந்தா போதும், பல்லு சாய்வா இருக்கற ஹெலிக்கல் ரேக்கா இருந்தா ஓட்டம் இன்னும் மென்மையா இருக்கும்.

[காட்சி: பாதியில் கோடு தள்ளிப்போன பூவேலை]

இந்தப் பலகையைப் பாருங்க. மேல் பாதி பூ ஒரு இடத்துல, கீழ் பாதி 3 மி.மீ. தள்ளி. ஸ்டெப் ஸ்டெப்பா சுத்துற சாதாரண ஸ்டெப்பர் மோட்டார்ல, மரத்துல முடிச்சு வந்து பிட்டு திணறினா மோட்டார் சில ஸ்டெப்பைத் தவறவிட்டுடும். மெஷினை ஓட்டுற கண்ட்ரோலருக்கு அது தெரியாது, மிச்ச வேலையைத் தள்ளியே வெட்டிட்டுப் போகும். சர்வோ மோட்டார்ல அது எவ்வளவு சுத்தியிருக்குன்னு பார்க்கிற என்கோடர் இருக்கறதால, இடம் தவறினதும் அலாரம் அடிச்சு நின்னுடும். நடுவுல ஹைப்ரிட் சர்வோ இருக்கு, அதுலயும் என்கோடர் உண்டு. தேக்கு விலையை நினைச்சுப் பாருங்க. ரெண்டு பேனல் வீணானாலே வலிக்கும். பணம் கொஞ்சம்தான் கூடப் போட முடியும்னா, பெரிய ஸ்பிண்டிலுக்குப் போடாதீங்க, மோட்டாருக்குப் போடுங்க. பூவேலைக்கு 3 கிலோவாட்டுக்கு மேல ஸ்பிண்டில் தேவையே வராது. பிளைவுட் முழுக் கனத்தையும் ஒரே வெட்டுல அறுக்கிற மாடுலர் கிச்சன் வேலைக்குத்தான் 6 கிலோவாட்.

வாட்டர் கூலிங் ஸ்பிண்டில் சத்தம் குறைவு. ஆனா போர்வெல் தண்ணி ஊத்தினா உள்ள உப்புப் படிஞ்சு வழி அடைச்சுக்கும், ஸ்பிண்டில் சூடாகிப் போயிடும். டிஸ்டில்டு வாட்டர்தான் ஊத்தணும். தண்ணி ஓட்டம் நின்னா மெஷினையும் நிறுத்துற ஃப்ளோ ஸ்விட்ச் கேட்டு வாங்குங்க.

பெட் 4-க்கு 8 அடி எடுங்க, 1325-னு சொல்ற சைஸ். ஏழடிக் கதவு முழுசா படுக்கும். கேன்ட்ரிக்கு, அதாவது பெட்டுக்குக் குறுக்கா ஸ்பிண்டிலைத் தாங்குற பாலத்துக்கு, கீழ எவ்வளவு இடம்னு கட்டாயம் கேளுங்க. பெட்டு மேல 18 மி.மீ. எம்டிஎஃப் (மரநார்ப் பலகை), அது மேல 75 மி.மீ. நிலைக்கட்டை, கோலட்டுக்கு (பிட்டைப் பிடிச்சுக்கிற பிடி) வெளிய நீட்டுற பிட்டு 60 மி.மீ. கூட்டினா 153. 150 மி.மீ. இடம் உள்ள மெஷின்ல இந்தக் கட்டைக்கு மேல பிட்டைத் தூக்கவே முடியாது. 200 இருந்தா நிம்மதி.

[காட்சி: எதிரெதிர் பார்க்கும் மயில்கள், இரட்டைக் கதவு]

ரெட்டை ஸ்பிண்டில் வாங்கினா ரெட்டைக் கதவை ஒரே ஓட்டத்துல முடிச்சிடலாம்னு பலர் நினைக்கிறாங்க. ஒரே கேன்ட்ரியில சேர்ந்து ஓடுற ரெண்டு ஸ்பிண்டிலும் ஒரே படத்தைத்தான் வெட்டும். ரெண்டு மயிலும் ஒரே பக்கம் பார்க்கும். உங்களுக்கு வேண்டியது எதிரெதிரா பார்க்கிற மயில், அதுக்கு எப்படியும் ரெண்டு ஓட்டம். ஒரே டிசைன்ல நிறைய எண்ணிக்கை போற கடைக்குத்தான் அது லாபம். முதல் மெஷின் ஒத்தை ஸ்பிண்டிலே போதும்.

இன்னொண்ணு, நீளம், அகலம், உயரம்னு மூணு பக்கம் மட்டும் நகர்ற இந்த மூணு ஆக்ஸிஸ் மெஷின் மேல இருந்து பார்த்தா தெரியறதை மட்டும்தான் வெட்டும். இலைக்கு அடியில குடைஞ்சு விடுறது, மூக்குக்குக் கீழ நிழல் விழ வைக்கிறது எல்லாம் உளிதான் செய்யணும். புவிசார் குறியீடு வாங்கின தம்மம்பட்டி மரச்சிற்பத்துல இருக்கற அந்த ஆழம் மெஷின்ல வராது. கை வேலை தெரிஞ்ச ஆசாரி பட்டறைக்குத் தேவை, அவர் கூலியையும் கணக்குல சேருங்க.

பூ டிசைனை மெஷின் ஓடுற பாதையா மாத்துற சாஃப்ட்வேர்ல ஏமாறாதீங்க. "ஆர்ட்கேம் இலவசமா போட்டுத் தரோம்"னு சொன்னா அது திருட்டுக் காப்பின்னு வச்சுக்கோங்க, ஆட்டோடெஸ்க் 2018-லயே அதோட விற்பனையை நிறுத்திடுச்சு. கார்வ்கோ, வெக்ட்ரிக் ஆஸ்பயர் ரெண்டுல ஒண்ணை முறையா வாங்கலாம்.

[காட்சி: மல்டிமீட்டர், எர்த் குழி]

கரண்ட் விஷயத்தை மெஷின் வர்றதுக்கு முன்னாடியே முடிச்சிடுங்க. மெஷினுக்குத் தனி எர்த் குழி. லோடு ஓடுறப்ப நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல மீட்டர் வச்சா 2 வோல்ட்டுக்கு மேல காட்டக் கூடாது. எர்த் சரியில்லன்னா கண்ட்ரோலர் காரணமே இல்லாம நிக்கும், பாதி வேலையில ரீசெட் ஆகும், மெஷின் மேலயே சந்தேகம் வரும். தூள் உறிஞ்சுற பிளாஸ்டிக் ஹோஸ்லயும் ஸ்டேட்டிக் சேரும். உள்ள ஒரு செம்புக் கம்பி ஓட்டி எர்த்துல கட்டிடுங்க. அப்புறம் மெஷின் உள்ள நுழையுமான்னு பார்க்க பட்டறை ஷட்டர் அகலத்தை அளந்துக்கோங்க, மெஷினோட அகலத்தையும் எழுதி வாங்கிக்கோங்க.

இப்ப டெஸ்ட். முழுப் பணமும் குடுக்கறதுக்கு முன்னாடி, உங்க டிசைனை பென் டிரைவுல போட்டு, உங்க பட்டறைத் தேக்குப் பலகை ஒண்ணையும் எடுத்துக்கிட்டு ஷோரூமுக்குப் போங்க. அவங்க மெத்துன்னு இருக்கற எம்டிஎஃப்ல ஓட்டிக் காட்டுறதை வச்சு முடிவு பண்ணாதீங்க. ஒரு மணி நேரம் ஓடவிட்டு, சாஃப்ட்வேர் சொன்ன நேரத்துக்கும் கடிகாரத்துக்கும் எவ்வளவு வித்தியாசம்னு குறிச்சுக்கோங்க.

பாதியில மெயின் ஸ்விட்சை ஆஃப் பண்ணச் சொல்லுங்க. நம்ம ஊர்ல கரண்ட் போகும், ஒளிச்சுப் பேசி பிரயோஜனமில்ல. திரும்ப ஆன் பண்ணி, ஹோம், அதாவது மெஷின் அளவெடுக்கத் தொடங்குற மூலைக்கு, போய்ட்டு வந்து, விட்ட இடத்துல தொடரட்டும். சேர்ந்த இடத்துல விரலை வச்சுத் தடவுங்க. படி மாதிரி தட்டுப்பட்டா, ஹோம் சென்சார் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்துல நிக்கலைன்னு அர்த்தம்.

[காட்சி: எம்டிஎஃப் மேல் வி-பிட்டால் வரைந்த செவ்வகம், அளவு டேப்]

அடுத்து வி-பிட்டால 900-க்கு 1200 மி.மீ. செவ்வகம் வரையச் சொல்லுங்க. ரெண்டு மூலைவிட்டமும் 1500 வரணும். ஒண்ணு 1501, இன்னொண்ணு 1499-னா கேன்ட்ரி கோணி நிக்குது. இதைக் கேன்ட்ரியைச் சரிபண்ணித்தான் தீர்க்கணும், டிசைனைத் திருத்திச் சமாளிக்கிற வேலை வேண்டாம். மெஷின் பட்டறைக்கு வந்து இறங்கினதும் இதே செவ்வகத்தை மறுபடி போடுங்க, லாரி குலுக்கலில் மாறியிருக்கும். அங்கயும் 1500 வந்தப்புறம்தான் கடைசித் தவணைன்னு ஆர்டர் போடறப்பவே எழுதிக்கோங்க.

இறக்கின அன்னைக்குக் கையில இருக்க வேண்டியது: 6 மி.மீ. கோலட் ரெண்டு, ரேடியஸ் 0.5 மி.மீ., 1 மி.மீ. பால்நோஸ் மும்மூணு, எண்ட் மில் ரெண்டு, ரேக்குக்குக் கிரீஸ். கிரீஸ் மேல தூள் ஒட்டி கெட்டிப்பட்டா பினியன் பல்லு தேயும், அதனால தினமும் சாயங்காலம் பிரஷ் போட்டுத் தள்ளிட்டு, அப்புறம் மெல்லிசா தடவுங்க.