மழைக்காட்டில் ஒரு சாலை எப்படி நிலைக்கிறது? கயானா – பிரேசில் வழித்தடம்

[திரையில்: டகுட்டு ஆற்றுப் பாலம், மேலிருந்து]

இந்தப் பாலத்தில் வண்டிகள் போவதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பிரேசிலில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடும். அதன் பக்கத்து நாடான கயானாவில் நம்மூர் போலவே இடப்பக்கம். இரண்டு நாடுகளும் சந்திப்பது இந்த டகுட்டு ஆற்றில்தான். எதிரெதிரே வரும் வண்டிகள் மோதாமல் பக்கம் மாற வேண்டும் அல்லவா? அதற்காகக் கயானா கரையில் ஒரு தடம் இன்னொன்றுக்கு அடியில் புகுந்து மறுபக்கம் ஏறுகிறது. சிக்னல் கிடையாது, போலீஸ்காரர் கிடையாது. சாலை போகிற போக்கிலேயே ஓட்டுநர் பக்கம் மாறிவிடுகிறார்.

பாலத்தின் நீளம் சுமார் 230 மீட்டர். பிரேசிலின் செலவில் கட்டப்பட்டு 2009-இல் திறக்கப்பட்டது. பிரேசில் கரையில் பொன்ஃபிம், கயானா கரையில் லெத்தெம். பொன்ஃபிமிலிருந்து போவா விஸ்தா நகரம் வரை நல்ல தார்ச்சாலை. லெத்தெமில் இறங்கியதும் நிலைமை தலைகீழ். தலைநகர் ஜார்ஜ்டவுன் இன்னும் ஏறத்தாழ 550 கிலோமீட்டர். அதில் லிண்டன் ஊர் வரையுள்ள சுமார் 450 கிலோமீட்டரும் பாலம் திறந்தபோது செம்மண்ணும் மணலுமாகத்தான் கிடந்தது.

பாலம் வந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் சாலை ஏன் இழுத்துக்கொண்டே போகிறது? பணமும் அரசியலும் ஒரு காரணம். அதை விட்டுவிட்டு, மண்ணும் தண்ணீரும் என்ன செய்கின்றன என்று பார்ப்போம்.

[திரையில்: வரைபடம். லிண்டன், மபுரா ஹில், குருபுகாரி, அன்னாய், லெத்தெம்]

வடக்கே லிண்டனைச் சுற்றி வெள்ளை மணல். நடுவே அடர்ந்த காடு. குருபுகாரியில் எஸ்ஸெகிபோ ஆறு. ஆற்றைத் தாண்டினால் இவோக்ரமா காப்புக்காடு, சுமார் 3,71,000 ஹெக்டேர். அதன் நடுவே சாலை 70 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. காடு முடிந்ததும் ருபுனுனி புல்வெளி. மண் மாறும்போதெல்லாம் சாலை போடும் முறையும் மாறியாக வேண்டும்.

முதலில் மணல். கடற்கரை மணல் போல எல்லாத் துகளும் ஏறக்குறைய ஒரே அளவு. சின்னத் துகள் பெரியவற்றின் இடுக்கை நிரப்பினால்தான் மண் இறுகும்; இங்கே அது நடக்காது. ரோலர் எத்தனை முறை ஓடினாலும் வெயில் காய்ந்ததும் மணல் பழையபடி உதிரும். இதில் ஒரு விந்தை உண்டு: லேசாக நனைந்திருக்கும்போது லாரி ஓடும், காய்ந்துவிட்டால் சக்கரம் புதையும்.

ஜல்லி போட்டுவிடலாமே என்று தோன்றும். ஆனால் இந்த மணல் பரப்பில் கல் கிடையாது. 8 மீட்டர் அகலத்தில் 15 செ.மீ. கனத்துக்கு ஜல்லி விரித்தால் ஒரு கிலோமீட்டருக்கு 1,200 கன மீட்டர் ஆகும். எடையில் சுமார் 2,600 டன், அதாவது 20 டன் லாரியில் 130 நடை. அந்த 130 லாரியும் போட்டுக்கொண்டிருக்கும் அதே சாலையில்தான் வந்தாக வேண்டும்; வரும்போதே அதை உடைத்துவிடும்.

அதனால் இருக்கிற மண்ணையே பலப்படுத்துவார்கள். ஒரு வழி, களிப்பு உள்ள செம்புரைச் சரளையை மணலோடு கலப்பது. இன்னொரு வழி சிமென்ட். எடையில் 5 சதவீதம் என்று வைத்தால், அதே ஒரு கிலோமீட்டர் அடுக்குக்கு 110 டன்னுக்கு மேல், அதாவது 2,200 மூட்டைக்குக் குறையாது. ஒரே அளவுத் துகள் மணல் என்றால் இன்னும் கூடும். சிமென்டும் தண்ணீரும் சேர்ந்த பிறகு சுமார் இரண்டு மணி நேரத்துக்குள் ரோலர் வேலை முடிந்துவிட வேண்டும். இடையில் லாரி பழுதாகி நின்றால் அந்தப் பகுதியைக் கொத்தி எடுத்து மறுபடி போடுவதுதான் ஒரே வழி. போட்ட அடுக்கை ஏழு நாள் ஈரமாக வைத்துக் காக்க வேண்டும்.

[திரையில்: காட்டுப் பகுதி, வேரோடு பெயர்ந்த அடிமரம்]

காட்டுக்குள் வேறு பிரச்சினை. மரத்தை வெட்டிவிட்டு அடிமரத்தின் மேலேயே மண்ணைப் போட்டு மூடினால் வேலை சீக்கிரம் முடிந்தது போலத் தெரியும். சில ஆண்டுகளில் அடிமரம் மக்கி, அந்த இடம் பொந்தாகிவிடும். மேலே சாலை வட்டமாக உள்வாங்கும். எனவே அடிமரத்தைத் தோண்டி எடுத்து, 20–30 செ.மீ. வேர்மண்ணையும் சீவி ஒதுக்கிவிட்டுத்தான் சாலைக்கான மண் கரையை எழுப்ப வேண்டும். சீவிய மண்ணை வீசிவிடக் கூடாது. பிறகு சரிவுகளில் புல் பிடிக்க அதுதான் உதவும்.

கரை மண்ணை 20 செ.மீ. அடுக்குகளாகப் போட்டு, ஆய்வகச் சோதனையில் கிடைத்த உச்ச அடர்த்தியில் 95 சதவீதமாவது வரும்வரை இறுக்க வேண்டும். இதற்கு மண்ணின் ஈரம் சரியாக இருக்க வேண்டும். மழைக்காட்டில் மண் எப்போதுமே தேவைக்கு மேல் ஈரம். கிளறிக் காயவைக்கிறோம், மாலையில் ஒரு மழை, அன்றைய வேலை சேறு. அனுபவமுள்ள மேஸ்திரி ஒரு காரியத்தை மறக்கவே மாட்டார்: வானம் இருண்டால், பரப்பிய மண்ணை அப்படியே விடாமல் வழுவழு ரோலரால் ஒரு ஓட்டு ஓட்டி, மேற்பரப்பை மூடிவிட்டுத்தான் கிளம்புவார். மறுநாள் தண்ணீர் மேலாக ஓடிப்போயிருக்கும், உள்ளே மண் தப்பியிருக்கும்.

இனி தண்ணீர். இந்தச் சாலையின் ஆயுளை முடிவு செய்வது அதுதான். 10 மீட்டர் அகலச் சாலை, ஒரு கிலோமீட்டர், ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை. சாலையின் மேல் மட்டும் விழும் தண்ணீர் 5 லட்சம் லிட்டர். நம்மூர் 12,000 லிட்டர் தண்ணீர் லாரி நாற்பதுக்கு மேல். மண் சாலையின் நடு முதுகு ஓரத்தைவிட உயர்ந்திருக்க வேண்டும்: மீட்டருக்கு 4 முதல் 6 செ.மீ. சரிவு. தார் என்றால் 2.5 போதும். கிரேடர் (மண்ணைச் சீவிச் சமப்படுத்தும் வண்டி) ஓட்டுபவர் இந்த முதுகை மறந்து தட்டையாகச் சீவிவிட்டால், அடுத்த மழைக்கே சக்கரத் தடத்தில் தண்ணீர் தேங்கும். அடுத்த லாரி அதைக் குழியாக்கும். அதற்கடுத்தவர் குழியைத் தவிர்க்க ஓரமாகப் போவார். இப்படியே ஒரு சாலை பல தடங்களாகப் பிரிந்து பரவுவதைப் புல்வெளியில் கண்ணெதிரே பார்க்கலாம்.

[திரையில்: சாலையோரம் பட்டுப்போன மரங்கள், சாம்பல் நிறம்]

இந்த மரங்களை யாரும் வெட்டவில்லை. இவை மூழ்கிச் செத்தவை. சாலைக் கரை ஓடையை மறித்திருக்கிறது, அடியில் போட்ட குழாய் அடைத்திருக்கிறது. தண்ணீர் வரும் மேற்பக்கம் அது மாதக்கணக்கில் தேங்கியதால் வேர் மூச்சுவிட முடியவில்லை. பட்ட மரம் விழுந்து, அதன் கிளையே மறுபடி குழாயை அடைக்கிறது.

கணக்கு இப்படி: 40 ஹெக்டேர் காட்டிலிருந்து தண்ணீர் வருகிறது, மணிக்கு 100 மில்லிமீட்டர் மழை, அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக வழிந்தோடும் என்றால் வினாடிக்கு 3.3 கன மீட்டர். 90 செ.மீ. குழாய் சுமார் ஒரு கன மீட்டர்தான் கடத்தும். நான்கு குழாயை வரிசையாகப் போட்டால் கணக்கு சரிவரும், காடு ஒத்துக்கொள்ளாது: இரண்டு குழாய்க்கு நடுவிலுள்ள சுவரில் ஒரு கட்டை குறுக்கே மாட்டினால் போதும், எல்லாமே அடைபடும். அகலமான ஒரே கான்கிரீட் பெட்டிப் பாலம் செலவு கூடினாலும் அதைத்தான் போட வேண்டும் என்பது எங்கள் கருத்து. மேற்பக்கம் சில மீட்டர் தள்ளிக் கட்டைகளைத் தடுக்கும் கம்பங்களும் வேண்டும்.

இந்தத் தடத்தில் பழைய பாலங்கள் பல மரத்தாலானவை. கயானாவின் கிரீன்ஹார்ட் மரம் தண்ணீரில் மூழ்கும் அளவுக்குக் கனம், எளிதில் மக்காது. ஆனால் கனரக லாரிகள் பெருகப் பெருக உத்திரம் தாங்காது. அதனால்தான் கான்கிரீட்டுக்கு மாற்றுகிறார்கள்.

புல்வெளிக்கு வந்தால் வெள்ளத்தின் குணமே வேறு. மே முதல் ஆகஸ்ட் வரையிலான மழையில் ருபுனுனி ஆற்றின் தண்ணீரும் டகுட்டு ஆற்றின் தண்ணீரும் சமவெளியில் கலந்துவிடும். ஒன்று எஸ்ஸெகிபோவுக்குப் போவது, மற்றது அமேசானுக்குப் போவது. இரண்டு பெரிய ஆற்றுப் படுகைகளின் மீன்கள் அந்தச் சில மாதம் ஒன்றுகலக்கின்றன. இங்கே உயரக் கரை கட்டித் திறப்பு வைக்காவிட்டால் சாலை அணையாகிவிடும். ஓடை இருக்கும் இடத்தில் மட்டும் வாய்க்கால் வைத்தால் போதாது, சமதளம் நெடுகவும் சீரான இடைவெளியில் திறப்புகள் வேண்டும்.

மண் எடுத்த குழிகளையும் மறக்கக் கூடாது. தண்ணீர் தேங்கினால் மலேரியாக் கொசுவுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. வடிகால் வெட்டாத குழிக்குக் கடைசித் தவணைப் பணம் தரக் கூடாது.

[திரையில்: இவோக்ரமா, சாலையின் குறுக்கே கேட்]

2022-இல் லிண்டனிலிருந்து மபுரா ஹில் வரை 121 கிலோமீட்டரைத் தார்ச்சாலையாக்க ஒப்பந்தம் கையெழுத்தானது. கரீபியன் வளர்ச்சி வங்கியும் பிரிட்டனின் நிதியும் அதன் பின்னால் இருக்கின்றன. தார் போட்டால் வேகம் வரும், வேகத்தோடு ஆட்களும் வருவார்கள். அமேசான் பகுதியில் 2014-இல் வெளியான ஆய்வு ஒன்று, காடழிப்பில் சுமார் 95 சதவீதம் சாலையிலிருந்து 5.5 கிலோமீட்டருக்குள்ளோ ஆற்றிலிருந்து 1 கிலோமீட்டருக்குள்ளோ நடந்ததாகக் கண்டது.

இதே வழித்தடத்தின் தெற்குத் தொடர்ச்சியிலேயே பாடம் இருக்கிறது. போவா விஸ்தா – மனாவ்ஸ் சாலையை 1970-களில் ராணுவத்தைக் கொண்டு வைமிரி அட்ரோவாரி பழங்குடி மக்களின் நிலத்தின் நடுவே வெட்டினார்கள். வன்முறையிலும் நோயிலும் அந்த மக்கள் சில நூறு பேராகச் சுருங்கினார்கள். இன்று 2,000-க்கு மேல் பெருகியிருக்கிறார்கள். அங்கே இரவில் சாலையை மூடுவது நெடுநாள் வழக்கம்: பேருந்து, ஆம்புலன்ஸ், அழுகும் சரக்கு தவிர மற்றவை காலை வரை காத்திருக்க வேண்டும். இரவில் திரியும் விலங்குகள் அடிபடுவதும் இதனால் குறைகிறது.

மத்திய ஆப்பிரிக்காவில் கேமரூன், காபோன் மண் சாலைகளில் மழைக்கென்றே கேட் உண்டு. மழை பெய்தால் லாரிகளை நிறுத்தி, சாலை உலரும்வரை சில மணி நேரம் வைத்திருப்பார்கள். ஈரச் சாலையில் நாலு லாரி ஓடினால் ஆகும் சேதத்தைச் சரிசெய்யக் கிரேடருக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று பார்த்தவர்களுக்கு அந்தக் காத்திருப்பின் மதிப்பு தெரியும்.

[திரையில்: குருபுகாரி, மிதவைப் படகில் லாரி ஏறுகிறது]

குருபுகாரியில் இந்தப் படகுதான் இதுவரை எல்லாவற்றுக்கும் கேட். ஒரு தடவைக்குச் சில வண்டிகள்தான் ஏறும். எல்லா வண்டியும் நின்று, கண்ணில் பட்டுத்தான் போகும். இங்கே பாலம் வரவேண்டும் என்பது திட்டம். வந்தால் அந்தத் தடை ஒரே நாளில் போய்விடும். அதனால் பாலத்தின் மதிப்பீட்டிலேயே கேட், எடைமேடை, வனக்காவலர் குடியிருப்பு மூன்றுக்கும் தொகை ஒதுக்கி, முதல் தூண் எழும்போதே அவற்றையும் கட்டத் தொடங்க வேண்டும்.